டயரின் அளவும் டீசல் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மனித நாகரிகம் சக்கரத்தின்மீது ஏறி வந்தது என்பர் அறிஞர். அந்தச் சக்கரத்திற்குக் காற்றடைத்த ரப்பர் உறை அணிவிக்கலாம் என்று 1845-இல் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அது பயனுக்கு வராமல் மறக்கப்பட்டது. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் அதை மீண்டும் கண்டறிந்து உலகெங்கும் பரவச் செய்தார். நம் மாநிலத்திலும் 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் பிற்காலத்தில் டயர் உற்பத்தியில் பெரும்பெயர் பெற்றது. நாள்தோறும் நம் கண்முன் உருண்டோடும் இந்த டயருக்குள் ஓர் இயற்பியல் பாடமும், ஓர் ஏழை ஓட்டுநரின் நற்பெயரைக் காக்கும் கணக்கும் அடங்கியிருக்கின்றன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுந்த ஐயம்

எங்கள் ஊர் மசினகுடி. என் தந்தையார் லாரி ஓட்டுநர். உதகையிலிருந்து காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் ஆகியவற்றை மேட்டுப்பாளையத்திற்கும் அதற்கப்பாலும் கொண்டு செல்வதும், திரும்பும்போது அரிசி, உரம் போன்றவற்றை மலைமேல் ஏற்றி வருவதும் அவர் வேலை. லாரியின் பழைய டயர்கள் தேய்ந்ததும் உரிமையாளர் 9.00-20 என்ற அளவிற்குப் பதிலாக 10.00-20 என்ற பெரிய அளவை வாங்கி மாட்டினார். பெரிய டயர் நெடுநாள் உழைக்கும், மைலேஜும் கூடும் என்பது அவர் எண்ணம்.

மைலேஜ் கூடவில்லை. மாறாக, மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது ஏறத்தாழ 30 லிட்டர் டீசல் குறைந்தது. “முப்பது லிட்டர் எங்கே போச்சு?” என்று உரிமையாளர் கேட்டார். வழியில் டீசலை விற்றுவிட்டதாக அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். பதினெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டிய என் தந்தையார் அன்றிரவு சாப்பிடவில்லை. டீசல் எங்கே போயிற்று என்பது அவருக்கும் விளங்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த நான் அந்தக் கணக்கைக் கையில் எடுத்தேன்.

டயரின்மேல் எழுதியிருப்பது என்ன?

9.00-20 என்பதில் முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாவது எண் டயர் உட்காரும் இரும்பு வளையத்தின், அதாவது ரிம்மின், விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. 10.00-20 என்பதும் அதே 20 அங்குல ரிம்முக்கு உரியதே. ஆனால் அகலம் கூடும்போது டயரின் உயரமும் கூடுகிறது. 9.00-20 டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 1,020 மில்லிமீட்டர், 10.00-20 டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 1,055 மில்லிமீட்டர்.

பிக்கப் போன்ற சிறு வண்டிகளில் 215/75 R15 என்பது போல எழுதியிருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச் சுவரின் உயரம் என்பது. R என்பது ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் அங்குல விட்டம். ஆகவே வெளிவிட்டம் 381 + (2 × 161.25) = 703.5 மில்லிமீட்டர். இதையே 235/75 R15 என்று மாற்றினால் விட்டம் 733.5 மில்லிமீட்டர் ஆகும். இது 4.3 விழுக்காடு அதிகம். எவரும் தம் வண்டியின் டயரைப் பார்த்து இக்கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

விட்டத்தை 3.1416 ஆல் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். 9.00-20 டயரின் சுற்றளவு 3.20 மீட்டர், 10.00-20 டயரின் சுற்றளவு 3.31 மீட்டர். ஒரு கிலோமீட்டர் செல்ல முதலாவது 312 முறை சுற்ற வேண்டும். இரண்டாவது 302 முறை சுற்றினால் போதும். பாரம் ஏறியதும் டயர் சற்று அமுங்குவதால் உண்மையில் இரண்டும் இன்னும் சில சுற்றுகள் கூடுதலாகவே சுற்றும். எனினும் இரண்டிற்கும் உள்ள விகிதம் பெரிதும் மாறாது. அந்த விகிதம் 1.034.

வேகமானி எதை அளக்கிறது?

ஸ்பீடாமீட்டர் சாலையை அளப்பதாக நாம் நினைக்கிறோம். அது சாலையைப் பார்ப்பதே இல்லை. 1902-இல் ஜெர்மானியரான ஒட்டோ ஷூல்ட்சே காப்புரிமை பெற்ற முறையில், கியர் பெட்டியிலிருந்து வரும் கம்பி ஒன்று ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அக்காந்தத்தைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை கிண்ணத்தையும் உடன் இழுக்கின்றன. ஒரு மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்துகிறது. காந்தம் எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு தூரம் முள் நகரும். இன்றைய வண்டிகளில் கம்பிக்குப் பதிலாக மின்னணு உணரி இருக்கிறது. ஆனால் அதுவும் எண்ணுவது சுற்றுகளையே.

அதாவது, “ஒரு சுற்று என்றால் இவ்வளவு தூரம்” என்று தொழிற்சாலையில் கற்றுக்கொடுத்ததைக் கருவி நம்பிக்கொண்டிருக்கிறது. டயரை மாற்றிய செய்தியை யாரும் அதற்குச் சொல்வதில்லை. ஆகவே,

உண்மை வேகம் = மீட்டர் காட்டும் வேகம் × (புதிய விட்டம் ÷ பழைய விட்டம்)

மேற்கண்ட லாரியில் முள் 40 காட்டினால் உண்மை வேகம் மணிக்கு 41.4 கி.மீ. முள் 60 காட்டினால் 62.1 கி.மீ. டயர் சிறிதானால் இதற்கு எதிர்மாறாக நிகழும். மீட்டர் கூட்டிக் காட்டும். புதிய டயரின் பட்டை ஆழம் 15 மில்லிமீட்டர் என்றும், அது தேய்ந்து 3 மில்லிமீட்டர் ஆயிற்று என்றும் கொள்வோம். விட்டம் 24 மில்லிமீட்டர் குறையும். 1,020 மில்லிமீட்டர் டயரில் இது 2.4 விழுக்காடு. அளவை மாற்றாமலே, ஒரே டயரின் ஆயுளுக்குள் மீட்டர் இவ்வளவு மாறுகிறது.

வேகமானிகளுக்கான ஐக்கிய நாடுகளின் 39-ஆம் ஒழுங்குமுறை, கருவி காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது என்கிறது. சற்றுக் கூட்டிக் காட்டினால் ஓட்டுநர் மெதுவாகச் செல்வார். குறைத்துக் காட்டினால் ஆபத்து என்பதே காரணம். பெரிய டயர் இந்தப் பாதுகாப்பை அரித்துவிடுகிறது.

காணாமற்போன டீசல்

தூரமானியும் அதே சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. லாரி உண்மையில் 4,000 கி.மீ. ஓடினால், பெரிய டயருடன் மீட்டர் காட்டுவது 4,000 ÷ 1.034, அதாவது ஏறத்தாழ 3,868 கி.மீ. மட்டுமே. 132 கி.மீ. ஏட்டில் ஏறவே இல்லை. லிட்டருக்கு 5 கி.மீ. என்று கணக்கிடும் உரிமையாளர், 3,868 கி.மீட்டருக்கு 774 லிட்டர் போதும் என்பார். லாரியோ உண்மையில் 4,000 கி.மீ. ஓடி 800 லிட்டர் குடித்திருக்கும். வித்தியாசம் 26 லிட்டர்!

இதை ஏட்டளவில் சொன்னால் ஒப்புக்கொள்வாரோ என்று ஐயுற்று, ஒரு கயிற்றுடன் சென்றேன். நற்பேறாக, லாரியின் ஸ்டெப்னி மட்டும் பழைய அளவாகவே, அதிகம் ஓடாமல் இருந்தது. உரிமையாளர் முன்னிலையில் இரண்டு டயர்களையும் கயிற்றால் சுற்றி அளந்தோம். ஒன்று 3 மீட்டர் 20 சென்டிமீட்டர். மற்றொன்று 3 மீட்டர் 31 சென்டிமீட்டர். பின்னர் சமவெளிச் சாலையில் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு 30 கி.மீ. ஓட்டிப் பார்த்தோம். மீட்டர் 29 தான் காட்டியது. ஒரு கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று இப்போது நாங்கள் அவரைக் கேட்கும் முறை. ஆனால் என் தந்தையார் கேட்கவில்லை.

மீதி நான்கு லிட்டருக்கு விடை மலையில் இருக்கிறது.

மேடும் மைலேஜும்

பெரிய டயர் உண்மையான மைலேஜைக் கூட்டுமா, குறைக்குமா? இதற்கு ஒரே விடை இல்லை. சமதரையில் ஒரு கிலோமீட்டருக்கு எஞ்சின் சுற்ற வேண்டிய எண்ணிக்கை 3.3 விழுக்காடு குறைவதால் சிறிது ஆதாயம் உண்டு. மேட்டிலோ கதை வேறு. சக்கரம் சாலையைத் தள்ளும் விசை, அச்சில் உள்ள திருப்புவிசையை ஆரத்தால் வகுத்தால் வருவது. ஆரம் கூடினால் விசை குறையும். மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டாவது கியர் தேவைப்படும். அடிக்கடி கியர் மாற்றி, எஞ்சினை உறுமவிட்டு ஏறும்போது சமதரையில் கிடைத்த ஆதாயம் கரைந்துவிடும்.

உண்மையில் மலைப்பாதையில் டீசலைக் குடிப்பது டயர் அன்று, உயரமே. நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டரில் புறப்பட்டு, உதகையில் சுமார் 2,200 மீட்டரில் நிற்கிறது. ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம். பாரத்தோடு 10 டன் எடையுள்ள லாரியை இவ்வுயரத்திற்குத் தூக்க 10,000 × 9.8 × 1,900 = 18 கோடியே 62 இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 கோடியே 60 இலட்சம் ஜூல் இருக்கிறது. அதில் 35 விழுக்காட்டை எஞ்சின் பயன்படுத்துவதாகக் கொண்டால், தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 15 லிட்டர் செலவாகும். எந்த டயரை மாட்டினாலும் இதில் ஒரு துளியும் குறையாது. மலையில் ஓடும் லாரியிடம் சமவெளி மைலேஜைக் கேட்பது, மரமேறுபவனிடம் ஓட்டப்பந்தய வேகத்தைக் கேட்பது போன்றது.

டயரால் மிச்சப்படுத்தக்கூடியது உருளும்போது ஏற்படும் தடையை மட்டுமே. சரியான காற்றழுத்தமும், ரேடியல் வகை டயரும் அதைக் குறைக்கும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து, டீசலை வெப்பமாக்கி வீணடிக்கிறது.

இறக்கத்தில் கவனம்

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இங்கே மேற்சொன்ன கணக்கு உயிர்க்கணக்காகிறது. பெரிய டயரில் எஞ்சினால் கிடைக்கும் தடுப்பும், பிரேக் தரும் தடுப்பு விசையும் 3.3 விழுக்காடு குறைகின்றன. அதே வேளையில் முள் காட்டுவதைவிட வேகம் 3.4 விழுக்காடு கூடுதல். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பதால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகம். தனியாகப் பார்த்தால் இவை சிறிய எண்கள்தாம். ஆனால் சூடேறிய பிரேக்குடன் வளைவுக்கு மேல் வளைவாக இறங்கும்போது சிறிய எண்களே ஒன்றுகூடிப் பெரிதாகின்றன. கீழே முதுமலைக் காட்டுச் சாலையிலும் அப்படியே. மானும் யானையும் நம் மீட்டரைப் பார்த்துச் சாலையைக் கடப்பதில்லை.

செய்ய வேண்டியவை

1. வண்டி உற்பத்தியாளர் அனுமதித்த அளவுகளுக்குள்ளேயே டயரை மாற்ற வேண்டும்.

2. அளவை மாற்றினால் ஆறு சக்கரங்களையும் ஸ்டெப்னியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்புற ஜோடி டயர்களில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால், பெரியது பாரம் முழுவதையும் சுமந்து சூடேறும். சிறியது தரையில் உரசித் தேயும். எங்கள் லாரியில் பழைய அளவு ஸ்டெப்னி இருந்தது கணக்குக்கு உதவியது. வழியில் மாட்டியிருந்தால் கேடு செய்திருக்கும்.

3. மாற்றியபின் கிலோமீட்டர் கற்களைக் கொண்டோ, கைப்பேசியில் செயற்கைக்கோள் காட்டும் தூரத்தைக் கொண்டோ மீட்டரின் பிழையைக் கண்டு, அந்த எண்ணை ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

4. மைலேஜை மேட்டுக்கும் சமவெளிக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

முடிவுரை

கருவி பொய் சொல்வதில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்கிறது. அதற்குத் தெரியாததைக் கூட்டிக் கணக்கிடுவது மனிதனின் கடமை. அவ்வாறு கணக்கிடாமல் மீட்டரை மட்டும் நம்பினால், நேர்மையான ஒருவர் தலைகுனிய நேரிடும்.

உரிமையாளர் அன்று ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த மாத ஏட்டில் “மீட்டர் × 1.034” என்று தம் கையாலேயே எழுதியிருந்தார். சம்பளப் பிடித்தம் நின்றது. என் தந்தையார் அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டி, “இதைத்தான் காலேஜில் சொல்லித் தருகிறார்களா?” என்று கேட்டார். ஆம் என்றேன். வட்டத்தின் சுற்றளவைப் பள்ளியிலேயே படித்தோம். அது எதற்கு என்று எனக்கு விளங்கியது அன்றுதான்.