வரைபடத்திற்கு நாள் எல்லை வகுத்தல்

நமது சங்கங்களின் மகாசபைகளில் இப்பொழுது பேரேட்டைப் புரட்டுவோர் குறைந்து, வரைபடத்தைப் பார்ப்போர் மிகுந்து விட்டனர். கொள்முதல், விற்பனை, நூல் இருப்பு யாவும் கணிப்பொறியின் தரவுத்தளத்தில் பதிவாகி, கோடாகவும் தூணாகவும் திரையில் தோன்றுகின்றன. அதைக் கொண்டே நூல் வாங்கும் அளவையும் காப்பி விற்கும் காலத்தையும் தீர்மானிக்கிறோம். ஆதலின், படம் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதைக் காரியதரிசியின் பொறுப்பென்று விட்டுவிடாமல், அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

சேர்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820ஆம் ஆண்டையொட்டி ஏற்காட்டுப் பகுதியில் காப்பியைப் புகுத்தினார். அச்செடிக்கு ஜனவரி முதல் தேதி ஒரு பொருட்டன்று. மார்ச், ஏப்ரலில் பெய்யும் பூமழைக்குப் பின் ஏறக்குறையப் பத்து நாட்களில் பூ மலர்கிறது. அராபிகாக் காய் பழுக்க எட்டு ஒன்பது மாதங்கள் செல்லும். பறிப்பு நவம்பரையொட்டித் தொடங்கிப் புத்தாண்டைத் தாண்டியும் நடக்கும். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எல்லை வகுத்தால், ஒரே மகசூல் இரு துண்டாகி இரு படங்களில் விழுகிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் பறிப்பு ஒன்றாய் அடங்கும். ஆயின் அதற்குக் காரணமான மார்ச் மழை முந்திய ஆண்டுக்குப் போய்விடும். மழையையும் மகசூலையும் ஒருசேரக் காண விழைவோர் மழைக்கு ஓர் எல்லையும் பறிப்புக்கு ஓர் எல்லையும் தனித்தனியே வகுப்பதே முறை. உலகச் சந்தையோடு ஒப்பிட வேண்டுமானால், சர்வதேசக் காப்பி நிறுவனம் கைக்கொள்ளும் அக்டோபர்–செப்டம்பர் ஆண்டு பொருந்தும்.

நெசவாளர் நிலை இதனினும் நுட்பமானது. தீபாவளி 2023இல் நவம்பர் 12ஆம் நாளும், 2024இல் அக்டோபர் 31ஆம் நாளும், 2025இல் அக்டோபர் 20ஆம் நாளும் வந்தது. நவம்பர் மாத விற்பனையை மட்டும் 2023க்கும் 2024க்கும் ஒப்பிட்டால், ஜவுளி வியாபாரமே படுத்துவிட்டதாகப் படம் காட்டும். அதை நம்பி நிர்வாகக் கமிட்டி நூல் கொள்முதலைக் குறைக்குமானால், தறிகள் வேலையின்றி நிற்கும். கூலி இழப்பவர் நெசவாளரே. இங்கு எல்லையைத் தேதியால் வகுத்தல் ஆகாது. பண்டிகைக்கு முந்திய அறுபது நாட்கள் என்று எண்ணி வகுத்தல் வேண்டும்.

விலைப் படத்தில் தொடக்க நாள் செய்யும் மயக்கம் பெரிது. பிரேசில் நாட்டில் 1975 ஜூலையில் விழுந்த உறைபனியால் காப்பி விலை ஏறி, 1977இல் உச்சத்தைத் தொட்டது. 2001இல் விலை மிகவும் தாழ்ந்து கிடந்தது. 1977இல் தொடங்கி அவ்வாண்டோடு முடியும் கோடு சரிவையும், 2001இல் தொடங்கி 2025 தொடக்கம் வரை செல்லும் கோடு ஏற்றத்தையும் காட்டும். இரண்டும் உண்மையே, ஒன்றை மட்டும் கண்டு சரக்கைத் தேக்கி வைப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

இனிச் செய்முறை. ஆக்செஸ் போன்ற தரவுத்தளத்தில் ஒரு படிவத்தில் ‘தொடக்க நாள்’, ‘முடிவு நாள்’ என இரு பெட்டிகள் அமைத்து, படத்திற்குத் தகவல் தரும் வினவல் அவற்றையே பார்க்குமாறு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் வினவலைத் திருத்தும் வேலை இதனால் ஒழியும். குறுக்கு அட்டவணை வினவலாயின், அவ்விரு பெட்டிகளின் பெயரையும் வகையையும் முன்கூட்டியே அறிவித்தாலன்றி அது இயங்காது.

கடைசி நாளில்தான் கணக்கு பெரும்பாலும் தவறுகிறது. ஆக்செஸ் தேதியை ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. முழு எண் நாளையும் பின்னம் நேரத்தையும் குறிக்கும். மார்ச் 31 வரை என்று கேட்டால், அந்நாள் பிறக்கும் நள்ளிரவோடு அது நின்றுவிடும். பதிவில் நேரமும் சேர்ந்திருந்தால், அன்று பகலில் எடைபோட்ட காப்பி படத்தில் வராது. தொடக்க நாள் முதல், முடிவு நாளுக்கு மறுநாள் பிறப்பதற்கு முன்வரை என்று கேட்பதே பிழையற்ற வழி. தேதியை வினவலின் உள்ளே எழுதுவோர் மற்றொன்றையும் கவனிக்க. 4/3/2024 என்று எழுதினால் நாம் மார்ச் 4 என்போம். ஆக்செஸ் அதை அமெரிக்க வழக்கப்படி ஏப்ரல் 3 என்று கொள்ளும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பமில்லை.

விற்பனையே நடவாத மாதம் படத்தில் இடமின்றி மறைந்து, அடுத்தடுத்த மாதங்கள் ஒட்டிக்கொள்ளும். எல்லா மாதங்களும் கொண்ட ஒரு நாட்காட்டி அட்டவணையை அமைத்து, விற்பனையை அதனுடன் இணைத்தால் வெறுமையும் வெறுமையாகவே தெரியும். எல்லை நாளை நாட்காட்டி அட்டவணையில் விதிக்க வேண்டும். விற்பனை அட்டவணையில் விதித்தால் அம்மாதங்கள் மீண்டும் மறையும்.

படத்தின் தலைப்பிலேயே இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று அச்சிடச் செய்க. பெட்டிகளிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம். கையால் எழுத வேண்டுவதில்லை.