பள்ளிக் காதல் காமெடி மங்கா: ‘இதே மாதிரி இன்னொன்று’ தேடுபவர்களுக்குச் சில குறிப்புகள்

பள்ளிக் காதலும் கலகலப்பும் கலந்த ஒரு மங்காவை முடித்த கையோடு வரும் கேள்வி, "இதே மாதிரி வேற என்ன இருக்கு?" என்பதுதான். கேட்டவுடன் பத்துப் பெயரை அடுக்கிவிடுவது சுலபம். அதில் பாதிக்கு மேல் முதல் தொகுதியோடு மூலையில் போய் உட்கார்ந்துவிடும். சீருடை, வகுப்பறை ஜன்னலோர இருக்கை, காது வரை சிவக்கும் பையன் என்று எல்லாமே வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் வரும் வினை இது. உங்களுக்காகத் தேடினாலும் சரி, வீட்டுப் பிள்ளைகளுக்கோ தோழிக்கோ சொல்வதானாலும் சரி, கீழே உள்ளவை கைகொடுக்கும்.

1. "எந்த இடத்தில் சிரித்தீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். கதை என்ன என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: பையன், பெண், பள்ளி. சிரித்த இடத்தைக் கேட்டால்தான் ஆள் பிடிபடுவார். ‘காகுயா-சாமா: லவ் இஸ் வார்’ படித்த ஒருவர், நாயகன் ஷிரோகானேயின் சாப்பாட்டு டப்பாவில் இருக்கும் ஆக்டோபஸ் வடிவ சாசேஜைப் பற்றிச் சொல்கிறார் என்று வையுங்கள். காகுயா கோடீஸ்வர வீட்டுப் பெண். அவன் கையால் செய்த அந்தச் சின்ன சாசேஜ் மீது அவளுக்கு அப்படி ஓர் ஆசை. ஆனால் வாய்விட்டுக் கேட்டால் கௌரவம் போய்விடும். அவள் மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒன்றும் தெரியாத தோழி ஃபுஜிவாரா கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடுகிறாள். காகுயா அவளைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! இதை ரசித்தவருக்கு வேண்டியது காதல் கதை என்பதைவிட, அற்ப விஷயத்துக்கு நடக்கும் மகாயுத்தம். அத்தியாய முடிவில் இன்று வென்றது யார் என்று அறிவிக்கும் அந்தக் கதைசொல்லியின் குரலும் சேர்ந்துதான் அந்த ருசி.

2. மூளைச் சண்டை பிடித்தவருக்குத் தகாகியைக் கொடுங்கள். யமமோட்டோ சோய்சிரோவின் ‘டீசிங் மாஸ்டர் தகாகி-சான்’ 2013 முதல் 2023 வரை வந்தது, 20 தொகுதி. பக்கத்து இருக்கைப் பெண் தகாகி, நிஷிகாட்டாவை எப்போதும் ஏதாவது ஒரு பந்தயத்தில் மாட்டிவிடுவாள். தோற்றால் தண்டால் எடுப்பது என்று அவன் தனக்குத்தானே தண்டனை வைத்துக்கொள்கிறான். கதை முழுக்கத் தண்டால்தான். இவர்கள் உயர்நிலைப் பள்ளிக்கு இன்னும் போகாத நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். கதை நடக்கும் ஷோடோஷிமா தீவு ஆசிரியரின் சொந்த ஊர் என்பதால் கடற்கரைச் சாலையும் கோயில் படிகளும் அத்தனை இயல்பாக இருக்கும். ‘கடைசியில் என்னதான் ஆச்சு?’ என்று தவிப்பவர்களுக்கு, கல்யாணமாகிக் குழந்தையும் பெற்ற தகாகியைக் காட்டும் கிளைத் தொடர் ஒன்று தனியாக இருக்கிறது.

3. சீண்டல் கதை எல்லாம் ஒன்றல்ல. தகாகி பிடித்தது என்றதும் ‘நாகடோரோ’வை நீட்டுபவர்கள் உண்டு. அதன் ஆரம்ப அத்தியாயங்களில் சீண்டல் கொஞ்சம் கொடுமையாகவே இருக்கும், பையன் அழுதேவிடுகிறான். போகப் போக மென்மையாகும் என்பது உண்மைதான். அதுவரை பொறுக்காதவர்களுக்குச் சொல்லாதீர்கள்.

4. பொறுமை எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். இந்த வகையில் ஆளைப் பிரிக்கும் பெரிய கோடு இதுதான். ‘சொல்லுவானா, மாட்டானா’ என்ற இழுபறியை ரசிப்பவர் ஒரு ரகம். சீக்கிரம் சேர்த்துவைத்துவிட்டு அப்புறம் கதை சொல்லுங்கள் என்பவர் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு ஷீனா கருஹோவின் ‘கிமி நி டோடோகே’ 30 தொகுதி நிம்மதியாக ஓடும். பேய்ப் படத்துச் சடாகோ மாதிரி இருக்கிறாள் என்று வகுப்பே பயந்து ஒதுங்கும் சவாகோ, ஒரு ‘காலை வணக்கம்’ சொல்வதற்கே சில பக்கங்கள் எடுத்துக்கொள்வாள்.

இரண்டாம் ரகத்துக்கு ‘ஹோரிமியா’. பள்ளியில் பளிச்சென்று இருக்கும் ஹோரி, வீட்டில் மேக்கப் இல்லாமல் தம்பியைப் பார்த்துக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருப்பவள். மூக்கில் ரத்தம் வழிந்த தம்பியை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிவருகிறான், காதெல்லாம் தோடு குத்திய ஒரு பையன். பார்த்தால், வகுப்பில் கண்ணாடி போட்டுக்கொண்டு யாரோடும் ஒட்டாமல் இருக்கும் மியாமுரா. பள்ளிக்குத் தெரியாத முகம் இருவருக்கும் உண்டு. அதை ஒருவருக்கொருவர் மட்டும் காட்டிக்கொள்கிறார்கள். முதல் சில தொகுதிகளிலேயே காதலும் வந்துவிடுகிறது. அப்புறம் ஹோரியின் அப்பா, நண்பர்கள், அவர்கள் வீடு என்று கதை சாவகாசமாக நடக்கும். 

5. அவசரக்காரருக்கு இன்னும் ஒன்று: ‘மை லவ் ஸ்டோரி’. கவஹாரா கசுனே கதை, அருகோ ஓவியம். மலை மாதிரி உடம்புள்ள தாகேயோ, ரயிலில் ஒரு பொறுக்கியிடமிருந்து யமாடோவைக் காப்பாற்றுகிறான். அவள் செய்து கொண்டுவரும் கேக்கெல்லாம் தன் அழகான நண்பன் சுனாகாவாவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அவர்களைச் சேர்த்துவைக்க மெனக்கெடுகிறான். இந்தக் குழப்பம் முதல் தொகுதிக்குள்ளேயே தீர்ந்துவிடும். ஒரு பொறாமைக்கார வில்லன்கூட இல்லாமல் 13 தொகுதி ஓட்டியிருக்கிறார்கள்.

6. காதலே வேண்டாம், சிரித்தால் போதும் என்பவருக்கு ‘மந்த்லி கேர்ள்ஸ் நோசாகி-குன்’. சுபாகி இசுமி 2011 முதல் எழுதிவரும் தொடர். சகுரா சியோ ஒருவழியாகத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நோசாகியிடம் காதலைச் சொல்லப் போகிறாள். பதற்றத்தில் ‘நான் உங்கள் ரசிகை’ என்று உளறிவிடுகிறாள். அவனும் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறான். வீட்டுக்குக் கூப்பிட்டானே என்று பூரித்துப் போனால், கையில் தூரிகையைக் கொடுத்து மங்காப் பக்கங்களில் மை நிரப்பச் சொல்கிறான். ஆறடிக்கு மேல் உயர்ந்த அந்த ஆசாமி, பெண்கள் பத்திரிகைக்குப் புனைபெயரில் காதல் மங்கா வரைபவன்!

ஒரு முறை அவன் காதலர்கள் ஒரே சைக்கிளில் போகும் காட்சி வரைய வேண்டும். ஆனால் ஜப்பானில் சைக்கிளில் இருவர் போவது சட்டப்படி தப்பு. நாயகன் சட்டத்தை மீறலாமா என்று யோசித்து, இரண்டு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிளைக் கொண்டுவருகிறான் நோசாகி. சகுரா பின்னால் உட்கார்ந்து மூச்சு வாங்க மிதிக்கிறாள். காதல் மங்காவின் சம்பிரதாயங்களைத் தெரிந்துவைத்திருப்பவர்களுக்கு இதில் பக்கத்துக்குப் பக்கம் விருந்து. எனவே இதை முதல் மங்காவாகக் கொடுக்காமல், இரண்டு மூன்று படித்தபின் கொடுத்தால் சிரிப்பு இரட்டிப்பாகும்.

7. நான்கு கட்ட மங்காவைப் படிக்கும் முறை வேறு. நோசாகியும், யனகிடா ஃபுமிதாவின் ‘டோமோ-சான்’ தொடரும் இந்த ரகம். பக்கத்தில் இரண்டு பத்தி இருந்தால் வலப்பக்கப் பத்தியை மேலிருந்து கீழாக முடித்துவிட்டு இடப்பக்கம் வாருங்கள். குறுக்கே படித்தால் ஒரு ஜோக்கும் புரியாது. ‘எனக்கு இது சிரிப்பே வரலை’ என்பவர்களில் சிலருக்குப் பிரச்சினை இதுதான்.

8. ஊர் மணம் தேடுபவருக்கு ‘லவ்லி காம்ப்ளெக்ஸ்’. நகஹாரா அயா எழுதியது, 17 தொகுதி. 172 செ.மீ. உயரப் பெண் கொய்சுமி, 156 செ.மீ. பையன் ஓதானி. இருவரும் எதற்கெடுத்தாலும் வாய்ச்சண்டை. உயர வித்தியாசத்துக்குப் பேர்போன நிஜ நகைச்சுவை ஜோடியான ஆல் ஹான்ஷின் க்யோஜின் பெயரை வகுப்பு ஆசிரியரே இவர்களுக்கு வைத்துவிடுகிறார். ஒசாகா பேச்சின் நக்கல் ஆங்கிலத்தில் பாதிதான் வரும். அந்தப் பாதியே போதுமானதாக இருக்கிறது. ஓதானியின் மரமண்டைத்தனத்துக்கு நடுவில் இரண்டு மூன்று தொகுதி இழுவைதான். தாண்டிவிடுங்கள்.

9. ஜப்பானியப் பள்ளி நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. உயர்நிலைப் பள்ளி 3 ஆண்டு. கோடை விடுமுறை என்றால் யுகாடா என்ற கோடைக்கால உடை உடுத்தி வாணவேடிக்கை. இலையுதிர் காலத்தில் கலை விழா வந்தால், ஏதோ ஒரு ஜோடியின் விவகாரம் முடிவுக்கு வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காரலாம். பிப்ரவரி 14 அன்று பெண்கள் சாக்லேட் கொடுப்பார்கள். பதில் மரியாதை மார்ச் 14. அதேபோல் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒரு நாள் அவளது சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டால், அது நம் கதைகளில் கைபிடிப்பதற்குச் சமம். இது தெரியாமல் படித்தால் ‘இதுக்கா இவ இப்படிச் சிவக்கிறா?’ என்றுதான் தோன்றும்.

10. மனசுக்கு இதமாக வேண்டும் என்பவருக்கு:

தகமாட்சு மிசாகியின் ‘ஸ்கிப் அண்ட் லோஃபர்’. இஷிகாவா மாகாணத்துக் கிராமத்திலிருந்து டோக்கியோவுக்குப் படிக்க வரும் மிட்சுமிக்கு, பெரிய அதிகாரியாகிப் பிறகு ஊருக்கே மேயராகத் திரும்ப வேண்டும் என்று திட்டம். முதல் நாளே ரயில் மாறித் தொலைந்துபோகிறாள். ஓடிவந்து மேடையேறி, புது மாணவர்கள் சார்பில் பேச வேண்டிய உரையைக் கச்சிதமாக முடித்துவிட்டு, நேராக ஆசிரியர் மேல் வாந்தி எடுக்கிறாள். 2023-இல் கோடன்ஷா மங்கா விருது வாங்கிய தொடர் இது. காதல் இதில் மெல்லத்தான் எட்டிப் பார்க்கும்.

‘கோமி கான்ட் கம்யூனிகேட்’டின் முதல் அத்தியாயம் மட்டுமாவது படியுங்கள். பேச வாய் வராத கோமியும் ததானோவும் கரும்பலகையில் எழுதி எழுதியே பேசுகிறார்கள். பலகையே நிரம்பிவிடுகிறது. பின்னால் 100 நண்பர்களைச் சேர்க்கிறேன் என்று கூட்டம் கூடிவிட, எல்லோரும் அதே அளவுக்குச் சுவாரசியமாக இல்லை.

மிகாமி சாகாவின் ‘தி ஃப்ராக்ரன்ட் ஃப்ளவர் ப்ளூம்ஸ் வித் டிக்னிட்டி’யில், கேக் கடைக்காரர் மகனும் அங்கே ஆசையாகச் சாப்பிட வரும் பெண்ணும், அடுத்தடுத்த கட்டடத்தில் உள்ள இரண்டு எதிரிப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். ஹோரிமியா பிடித்தவருக்கு இது பிடிக்காமல் போக வாய்ப்புக் குறைவு.

11. ஆசிரியர் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். காகுயாவை எழுதிய அகசாகா அகாதான் ‘ஓஷி நோ கோ’வின் கதாசிரியரும். அதில் ஆரம்பத்திலேயே கொலை. சிரிக்கலாம் என்று எடுத்தவர் திகைத்துப் போவார்.

12. ‘பெண்களுக்கானது’, ‘பையன்களுக்கானது’ என்ற முத்திரைகளையும் ஒதுக்கிவையுங்கள். அது எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதைத்தான் சொல்கிறது. காகுயா பெரும்பகுதி வந்தது இளைஞர்களுக்கான ‘வீக்லி யங் ஜம்ப்’பில், பெண் வாசகர்கள் அதற்குக் குறைவா என்ன?

13. தொகுதிக் கணக்கைப் பார்த்து இறங்குங்கள். பரீட்சை முடிந்த விடுமுறைக்கு டோமோ-சான் 8 தொகுதி போதும். ஹோரிமியாவின் முக்கியக் கதை 16. காகுயா 28, அதன் கடைசிப் பகுதியில் குடும்பச் சண்டை கனத்துவிடுகிறது, சிரிப்பு குறைகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

14. அனிமே பார்த்தாயிற்றா? ஹோரிமியாவின் 2021 அனிமே 13 எபிசோடுக்குள் முழுக்கதையையும் திணித்தது. விட்டதை ஈடுகட்ட 2023-இல் இன்னொரு தொடரே எடுத்தார்கள். ஆகவே அதைப் பார்த்தவர் மங்காவை முதல் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். நோசாகியின் 2014 அனிமே 12 எபிசோடு.

15. பிள்ளைகளுக்கு வாங்கும்போது அட்டையின் பின்புறம் வயதுக் குறியைப் பாருங்கள். அட்டையில் பூவும் சீருடையும் இருப்பதால் மட்டும் சின்னப் பிள்ளைக்கு ஏற்றதாகிவிடாது. ‘மை டிரெஸ்-அப் டார்லிங்’ பொம்மை செய்யும் பையனின் அருமையான கதைதான். ஆனால் ஓவியங்கள் பெரியவர்களுக்கானவை. தகாகி, ஸ்கிப் அண்ட் லோஃபர், மை லவ் ஸ்டோரி மூன்றையும் யோசிக்காமல் கொடுக்கலாம்.

16. புத்தகமாகத் தேடும்போது ஆங்கிலப் பதிப்பாளர் பெயர் தெரிந்தால் வேலை சுளுவு. காகுயா, கோமி, கிமி நி டோடோகே, லவ்லி காம்ப்ளெக்ஸ், மை லவ் ஸ்டோரி: விஸ். ஹோரிமியா, தகாகி, நோசாகி: யென் பிரஸ். டோமோ-சான், ஸ்கிப் அண்ட் லோஃபர்: செவன் சீஸ். ஷூயேஷாவின் ‘மங்கா பிளஸ்’ செயலியில் பல நடப்புத் தொடர்களின் முதல் சில அத்தியாயங்களும் அண்மையில் வந்தவையும் இலவசம். திருட்டுத் தளங்களில் பக்கம் விட்டுப்போகும், மொழிபெயர்ப்பு கண்டபடி இருக்கும், வரைந்தவருக்குக் காசும் போகாது.

17. பரிந்துரைக்கும்போது ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள். பத்துச் சொன்னால் ஒன்றும் படிக்க மாட்டார்கள். யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதையும் உளறிவிடாதீர்கள். கேட்பவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது, ஆனாலும் ஒரு பெயர் சொல்லியாக வேண்டும் என்றால் ஹோரிமியாவைச் சொல்லிவிடுங்கள். இந்த வகையில் ஏமாற்றாத முதல் தொகுதி அதனுடையதுதான்.