பன்னிரண்டு பயிற்சி எழுதித் தராதே, தங்கச்சி!

பிசியோதெரபி படித்துவிட்டுப் புனேக்கு வேலைக்கு வந்திருக்கிறாய். நல்லது, உட்கார். முட்டி வலி என்று வந்தவருக்கு மெஷினை மாட்டிவிட்டு போனை நோண்டுகிறாயே, அந்தப் பதினைந்து நிமிஷத்தை வீணாக்காதே. டாக்டர் அவரை ஐந்து நிமிஷம் பார்ப்பார். நீ பத்து நாள், தினமும் அரை மணி நேரம் பார்க்கிறாய். அவருடைய சாப்பாடு, தூக்கம், புகையிலை, நடை பற்றியெல்லாம் நிதானமாகப் பேச உன்னை விட்டால் யார்?

1. உபதேசம் வேண்டாம், கேள். "வெயிட்டைக் குறைங்க" என்பது அவர் காதில் ஆயிரம் தடவை விழுந்தாயிற்று. "முட்டி சரியானா என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டுப் பார். கோத்ரூடிலிருந்து வந்த ஒரு ஆஜிக்கு (பாட்டிக்கு) நான் பன்னிரண்டு பயிற்சி அச்சடித்துக் கொடுத்தேன். அந்தத் தாள் அவர் வீட்டு மசாலா டப்பாக்களுக்கு அடியில் விரிப்பாகப் போய்விட்டது. பிறகுதான் ஆசையைக் கேட்டேன். ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகிற வாரி என்ற பாதயாத்திரையில் கொஞ்ச தூரமாவது நடக்கணும் என்றார். முழு வாரி ஏறக்குறைய 250 கிலோமீட்டர். இரண்டே பயிற்சி கொடுத்தேன்: உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணுவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. டீ கொதிக்கிற நேரத்தில் செய்தார், ஒரு நாள் விடவில்லை. வாரியின் பால்கி (பல்லக்கு) புனேக்குள் வந்தபோது கூடவே இரண்டு கிலோமீட்டர் நடந்தார்.

2. ஒரு தடவைக்கு ஒன்றுதான். "காய் ஜமேல்?" என்று மராட்டியில் கேள், எது முடியும் என்று அர்த்தம். அவர் சொன்னதைச் செய்வார் என்பதில் பத்துக்கு எத்தனை நம்பிக்கை என்றும் கேள். ஏழுக்குக் கீழே சொன்னால் வேலையைப் பாதியாக்கு. சேர்ந்தாற்போல் அரை மணி நடக்க முடியாதா? பத்துப் பத்து நிமிஷமாக மூன்று தடவை நடக்கட்டும். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்சக் கணக்கு அதுதான். பத்து நிமிஷத்துக்குக் குறைந்தால் சேராது என்ற பழைய விதியையும் 2020-இல் எடுத்துவிட்டார்கள்.

3. பெண்களிடம் "புகையிலை உண்டா?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதே, இல்லை என்று சொல்லிவிடுவார்கள். "மிஸ்ரி தேய்ப்பீங்களா?" என்று கேள். வறுத்துப் பொடித்த புகையிலைதான் மிஸ்ரி. பல் துலக்குகிற சாமான் என்றே பலர் நினைக்கிறார்கள். விட நினைக்கிறவருக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணை அங்கேயே எழுதிக் கொடு.

4. ஊரே காலையில் ஏறுகிறது என்று முட்டி வீங்கியவரைப் பர்வதி மலைக்கு அனுப்பாதே. 103 படி! இறங்கும்போது முட்டி இன்னும் படாதபாடு படும். பக்கத்திலேயே சாரஸ்பாக் பூங்கா இருக்கிறது, சமதரை.

5. மாத்திரை, இன்சுலின் அளவில் கை வைக்காதே. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் பயிற்சியை நிறுத்தி உடனே டாக்டரிடம் அனுப்பு.

6. கணபதி விழா நாட்களில் மோதகம் சாப்பிட்டு, பயிற்சியையும் விட்டுவிட்டு வருவார்கள். திட்டினால் அடுத்த முறை பொய்தான் சொல்வார்கள். "எது குறுக்கே வந்துச்சு?" என்று மட்டும் கேட்டு, அதற்கு வழி பார். பதிலை ஃபைலில் ஒரு வரி எழுதி வை. அடுத்த தடவை வந்ததும் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அந்த வரியிலிருந்து பேச்சை ஆரம்பி.