புகையிலை இல்லாத தாம்பூலம்

என் அம்மா முப்பது வருடமாக வெற்றிலை பாக்கு போடுகிறார். புகையிலை சேர்ப்பதே இல்லை. இப்போது லேசான காரம் பட்டாலும் வாய் எரிகிறது என்கிறார். பயப்பட வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பயம் வேண்டாம், தாமதமும் வேண்டாம். இங்கே முக்கியக் குற்றவாளி பாக்கு. புகையிலை சேராத தாம்பூலமும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நார் போல இறுக்கும். இந்த எரிச்சல் அதன் தொடக்கமாக இருக்கலாம். அம்மாவின் மூன்று விரல்கள் நெட்டுக்குத்தாக வாய்க்குள் நுழைகின்றனவா, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண் உண்டா என்று பாருங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் சிகரெட்டும் மதுவுமாக இருப்பவர் உண்டென்றால் அவரையும் கூட்டிப் போங்கள். இரண்டும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. சாப்பிட்டதும் அம்மாவின் கை பாக்கைத் தேடும்போது கொஞ்சம் சோம்பு கொடுங்கள்.