கலயத்துச் சுண்ணாம்பு
(இளையோர் பாடம்)

அய்யா உண்டு.

பனையேறிக் குடும்பங்களுக்குத் தெரிந்த செய்தி இது. பாளையிலிருந்து சொட்டும் நீர் ஒன்றுதான். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் அது அக்கானி, காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் விழுந்தால் சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிறது. பனையிலும் குற்றமில்லை, நீரிலும் குற்றமில்லை. எந்தக் கலயத்தில் விழுந்தது என்பதே வேறுபாடு. இளம் பிள்ளைகளின் நிலையும் இதுவே.

கல்லூரியில் சேர்ந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். நெற்றியில் நாமம் தரித்து, நிழல் தாங்கலில் உகப்படிப்புக் கேட்டு வளர்ந்தவன். நண்பனின் பிறந்தநாளன்று ஐந்து பேர் சேர்ந்து தோப்புக்குப் போகிறார்கள். “ஒரு மடக்குதானலே மக்கா, குடிச்சா செத்தா போயிருவ?” என்று ஒருவன் நீட்டுகிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். பையனுக்குத் தாகமும் இல்லை, ஆசையும் இல்லை. ‘வேண்டாம் என்றால் நாளைக்கு நம்மைச் சேர்க்கமாட்டார்களே’ என்ற பயம்தான் அவன் கையை நீட்ட வைக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிரித்தவர்களிலும் சிலருக்கு அதே பயம் இருக்கலாம். ஒவ்வொருவனும் தன் மனதிலுள்ள தயக்கத்தை அறிவான். பிறர் முகத்திலோ சிரிப்பை மட்டுமே காண்கிறான். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, தனக்கு மட்டும் பிடிக்கவில்லை என்று எண்ணிக் குடிக்கிறான். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரிடம் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. குடியைப் பற்றித் தமக்கு இருந்த தயக்கம் மற்ற மாணவர்களுக்கு அந்த அளவு இல்லை என்று மாணவர்கள் எண்ணியிருந்தார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதான் மாயை. கலி நண்பன் முகத்தோடும் வரும்.

ஆகவே ஒருவன் வாய் திறந்து, “எனக்கு வேண்டாம்லே, நான் போய் பரோட்டா வாங்கிட்டு வாறேன்” என்று சொன்னால், மனதுக்குள் தயங்கும் இன்னொருவனுக்கும் வழி திறக்கிறது. உபதேசம் வேண்டாம், சண்டை வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறேன் என்ற பொய்யும் வேண்டாம். மாத்திரை முடிந்ததா என்று அடுத்த வாரம் கேட்பார்கள்.

அய்யா வைகுண்டர் சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து மீண்ட பின், 700 குடும்பங்களை வாகைப்பதியில் துவையல் தவசு இருக்கச் செய்தார். அவரவர் வீட்டில் சுத்தமாய் இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. கடலில் குளிப்பது, துணி துவைப்பது, ஒரு வேளை மட்டும் உண்பது எல்லாம் ஒன்றுசேர்ந்தே நடந்தன. பழைய வழக்கத்தை விடுவது தனியாளுக்குக் கடினம். பக்கத்தில் இருப்பவனும் அதையே செய்யும்போது அது இயல்பாகிவிடுகிறது.

இன்று பதிகளும் தாங்கல்களும் அந்தச் சுண்ணாம்பாக இருக்கவேண்டும். பணிவிடை, அன்னதர்மச் சமையல், மாலை நேரப் படிப்பு, பந்து விளையாட்டு என வாலிபர்கள் கூடுவதற்குக் காரணம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் கல்யாண வீட்டுப் பின்புறத்தில் பெரியவர்களே குப்பியைத் திறந்தால், பிள்ளைகள் சட்டத்தைப் பார்ப்பார்களா, பெரியவர்களைப் பார்ப்பார்களா?

ஒரு பிள்ளை தவறிவிட்டான் என்றால் அவனைப் பதி வாசலில் வைத்து, “நாமம் போட்டவனா இவன்?” என்று கேட்கக்கூடாது. அவன் தலைகுனிந்து திரும்பிப் போவான். தோப்பில் அவனை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்ன வழியில் வந்தவர்கள் இன்னொருவனைத் தலைகுனிய வைப்பது தகாது. பக்கத்தில் இருத்தி, சோறு போட்டு, பிறகு பேசலாம்.

நாள்தோறும் அதிகம் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலிய ஆபத்துகள் வரலாம். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் தர்மமே. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

சிந்திக்க:

1. தோப்பில் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நின்றது நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

2. உங்கள் தாங்கலுக்கு வருவதை நிறுத்திய வாலிபன் யார்? இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் அழைக்கப்போவது யார்?

அய்யா உண்டு.