ஆசிரியையும் ஆயாவும்

பிழைக்க வந்த ஊரில் ஆசிரியைப் பணியில் இருக்கும் நம் சகோதரிகள் பலர். பாடம் நடத்தப் பயிற்சி பெறுகிறோம். வகுப்பில் உடனிருக்கும் ஆயாவோடு இணைந்து வேலை செய்வது எப்படி என்பதை அனுபவத்தில்தான் கற்க வேண்டியிருக்கிறது. தில்லி மழலையர் வகுப்பில் நான் கடைப்பிடிக்கும் சில முறைகளை இங்கே எழுதுகிறேன்.

மூன்று வயதுக் குழந்தைகள் நிறைந்த வகுப்பை ஒருவரே கவனிப்பது கடினம். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடியிலும் பணியாளரோடு ஓர் உதவியாளர் உண்டு.

முதலாவது, வேலைப் பங்கீடு. குழந்தைகள் வருமுன் பத்து நிமிடம் இருவரும் பேசிக்கொள்கிறோம். கைகழுவ அழைத்துப் போவது யார், அழும் குழந்தையைத் தூக்குவது யார் என்று முடிவு செய்கிறோம். ஆயா கழிப்பறைப் பக்கம் போனால் நான் வாசலருகே நின்று பாடம் சொல்வேன். 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று இருவருமே நினைக்கும் நேரத்தில்தான் குழந்தை வெளியே நழுவும்.

இரண்டாவது, மரியாதை. பெயர் சொல்லி ஏவாமல் 'தீதி' என்று அழைக்கிறேன். 'தும்' வேண்டாம், 'ஆப்' என்றே பேசுகிறேன். நாம் பேசுவதைத்தான் குழந்தைகளும் பேசுவார்கள். கறிகாய் வாங்கி வருவது போன்ற என் சொந்த வேலைகளை அவரிடம் சொல்வதில்லை.

மூன்றாவது, கருத்து வேற்றுமை. சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் அவர் 'பூச்சாண்டி வருவான்' என்று பயம் காட்டினால், குழந்தைகள் முன் அவரைக் கண்டிக்காமல் நானே அருகில் உட்கார்ந்து ஊட்டுவேன். வகுப்பு முடிந்தபின் தனியே பேசுவேன். கை ஓங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அக்கணமே தடுக்க வேண்டும்.

நான்காவது, மொழி. ஊரிலிருந்து புதிதாக வந்த குழந்தைக்கு இந்தி தெரியாது. 'தண்ணி', 'மூச்சா', 'பசிக்குது', 'வலிக்குது' ஆகிய நான்கு சொற்களை ஆயாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அத்தகைய குழந்தைகள் அவரிடமே முதலில் ஓடுகின்றன. யார் டப்பாவைத் திறக்கவே இல்லை என்பதை அவர்தான் எனக்குச் சொல்கிறார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உரிமை உண்டு என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் பள்ளி ஆயாவின் உழைப்பும் அதே உழைப்புதான். குழந்தையை விடும்போது ஆசிரியைக்குச் சொல்லும் வணக்கத்தை அவருக்கும் சொல்லுங்கள். வீட்டில் குழந்தை சொல்லும் சொற்களையும் அவருக்குத் தெரிவியுங்கள்.