பயப்பட ஒன்றுமில்லை, கதிர்

அன்புள்ள கதிருக்கு,

தையில் நடக்கப்போகும் உன் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தாகிவிட்டது என்று உன் அம்மா சொன்னாள், சந்தோஷம். நேற்று நீ போனில் கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

"பொண்ணு நல்லவதான் அத்தை. ஆனா நான் பெண்ணியவாதின்னு முதல் நாளே சொல்லிட்டா. நாளைக்கு வீட்டுல சண்டையா வருமோன்னு பயமா இருக்கு. பொண்ணுங்களுக்குத்தான் எல்லாமே கிடைச்சாச்சே, இன்னும் என்ன பெண்ணியம்?" என்றாய். உன் வயதுப் பிள்ளைகள் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். நீ கேலியாகக் கேட்கவில்லை, கவலையோடு கேட்டாய். அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

எல்லாம் கிடைத்துவிட்டதா என்பதை முதலில் பார்ப்போம். பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் வந்தது 1989-இல். அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. அதிலும் அதற்கு முன் கல்யாணமாகிப் போன என்னைப் போன்றவர்களுக்கு இடமில்லை. அந்தத் தடையை நீக்கியது 2005-இல் வந்த மத்திய அரசின் சட்டத்திருத்தம். அந்த ஆண்டில் தகப்பனார் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. ஆக, சட்டம் கிடைத்துவிட்டது என்று நீ சொல்வது சரிதான்.

ஆனால் நான் பதிவுத்துறையில் வேலை பார்த்தவள். சட்டம் வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி பார்த்தது, பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் முன்னால் வருவார்கள், கட்டிக்கொடுத்த தங்கை பின்னால் வருவாள். பத்திர எழுத்தர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவாள். "சம்மதத்தோடதானம்மா எழுதிக் குடுக்குறீங்க?" என்று சார்பதிவாளர் கேட்டால், அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு "ஆமாங்க" என்பாள். அப்படி வந்த ஒருத்தியிடம், மை தொட்ட பெருவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "காசு ஏதாச்சும் குடுத்தாங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். "பங்கு கேட்டா பொறந்த வீடு இல்லாமப் போயிரும்க்கா. நாளைக்கு எம் பொண்ணுக்குத் தாய்மாமன் சீர் யாரு செய்வா?" என்றாள்.

அவள் சொன்னதை நன்றாக யோசித்துப் பார். சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் நிலமா, பிறந்த வீடா என்று இரண்டில் ஒன்றை அவள் விட்டாக வேண்டியிருந்தது. அவள் அண்ணனுக்கு அந்த நெருக்கடியே இல்லை, நிலமும் அவனுக்கு, வீடும் அவனுக்கு. உரிமையைக் கேட்டால் உறவு அறுந்துவிடும் என்ற பயம் ஒரு பெண்ணுக்கு இருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த பெண்ணியம் இதுதான். பங்கு, படிப்பு, சம்பளம், ஓய்வு, பிடிக்காததை மறுப்பது என எதற்கும் இது பொருந்தும்.

இது ஆணுக்கு எதிரானது என்கிறார்களே என்பாய். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெரு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல்காரப் பெண்ணின் தலைமையில் முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்கார உரிமை கேட்டார்கள். 2018-இல் கேரளம் சட்டம் செய்தது, 2021-இல் தமிழ்நாடும் செய்தது. இன்று ரங்கநாதன் தெருக் கடையில் நிற்கும் பையனும் அந்தச் சட்டத்தைச் சொல்லி நாற்காலி கேட்கலாம். பெண்கள் போராடி வாங்கியது ஆணுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. நம் வீட்டையே எடுத்துக்கொள். என் கல்யாணக் கடனை உன் அப்பா எத்தனை வருஷம் தலையில் சுமந்தார் தெரியுமா? வரதட்சிணை ஒழிய வேண்டும் என்று பேசிய பெண்கள் அவருக்காகவும்தான் பேசினார்கள்.

பெண்ணியம் வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் சொல்வதையும் நம்பாதே. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போய்த் தேவதாசி முறையை ஒழிக்க வாதாடினார். அந்த முறையிலேயே வளர்ந்து வெளியே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசினார், 1936-இல் நாவலாகவும் எழுதினார். 'பெரியார்' என்ற பட்டத்தை ஈ.வெ.ரா.வுக்குக் கொடுத்ததே 1938-இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாடுதான்.

பெண்ணியம் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சமத்துவம் வேண்டும், ஆனால் அந்தப் பெயர் வேண்டாம் என்று ஒதுங்கும் பெண்கள் உண்டு. பெயரைச் சொன்னால் வரன் தட்டிப்போகும் என்ற பயம் அவர்களுக்கு. ஆண் என்றாலே வெறுப்போடு பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் என்ன பட்டு அப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பார், ஆனால் அவர்கள் சொல்வதையெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொய்ப் புகாரில் சிக்கியவனுக்கு நியாயம் கிடைத்தே தீர வேண்டும். அதற்காகப் பெண்களைப் பாதுகாக்கும் சட்டமே வேண்டாம் என்றால் நிஜமாக அடிபட்டவள் எங்கே போவாள்? இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது சிவகாமி, பாமா போன்ற தலித் பெண் எழுத்தாளர்களின் எழுத்து. நான் இவ்வளவு நேரம் பங்கு, பத்திரம் என்று எழுதினேன். பங்கு கேட்க ஒரு சென்ட் நிலமும் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பேச்சில் என்ன இருக்கிறது? கூலியும் சாதியும் சேர்ந்து அவளை அழுத்துகின்றன. அவளை விட்டுவிட்டுப் பேசும் பெண்ணியம் பாதிதான்.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். நீங்கள் இரண்டு பேருமே ஆபீசுக்குப் போகிறவர்கள். காலையில் அடுப்படி யாருக்கு, ராத்திரி பாத்திரம் யாருக்கு என்று கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். பேசிய வேலையை அவள் ஞாபகப்படுத்தாமலே செய்.

பிள்ளை பிறந்து அவள் சில வருஷம் வேலையை விட நேரலாம். அப்போது 'என் சம்பாத்தியம்' என்ற வார்த்தை உன் வாயில் வரக் கூடாது. கணவர் சவூதியில் சம்பாதிக்க, மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு வழக்கில், அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவள் வீட்டைப் பார்த்ததால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது என்பதே அதற்குச் சொன்ன நியாயம். நீ வீடு வாங்கினால் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும்.

முதல் நாளே அவள் தன் மனதில் உள்ளதைச் சொன்னாளே, அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள். சொன்னால் இந்த உறவு முறிந்துவிடாது என்று நம்பித்தான் சொல்லியிருக்கிறாள். பெண்ணியம் என்று அவள் எதைச் சொல்கிறாள் என்று அவளிடமே கேள். நான் எழுதியதிலிருந்து அது வேறாக இருந்தால் அவள் சொல்வதைக் கேள்.

கடைசியாக ஒன்று. நம் ஊர் நிலத்தை என்றைக்காவது பாகம் பிரிப்பார்கள். அன்றைக்கு உன் தங்கை முன்னால் விடுதலைப் பத்திரத்தை யாரும் நீட்ட விடாதே. அவளாக வாய் திறந்து கேட்கும் வரை காத்திருக்காமல், "உன் பங்கு இது, எடுத்துக்கோ" என்று நீயே முதலில் சொல். அதற்குப் பிறகும் தாய்மாமனாக அவள் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதை ஒரு குறையும் இல்லாமல் செய்.

அன்புடன்,
உன் அத்தை